ஏ320-இன் கூடுதல் சக்கரங்கள்: விமானத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கவும்.)

சென்ற வாரம் ஒரு கருத்தரங்க இடைவேளையில் முதுகலை மாணவர் இருவர் விவாதித்துக்கொண்டிருந்தனர். ஏர் இந்தியா ஒரே நாளில் 470 விமானங்களை வாங்குவதாக அறிவித்ததே பேச்சின் தொடக்கம். "எது நல்ல விமானமோ அதைத்தானே வாங்குவார்கள்" என்றார் ஒருவர். "எவர் அதிகம் கொடுத்தாரோ அவருடையதை வாங்குவார்கள்" என்றார் மற்றவர். வரலாற்று மாணவர்கள் என்பதால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்தியா பழைய ஜெட் விமானங்களை மாற்றிய ஒவ்வொரு முறையும் உண்மையில் என்ன நடந்தது? விடை தெரிந்தவர் எவருமில்லை. எனக்கும் அன்று முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. பின்னர் வாசித்தவற்றின் சுருக்கமே இப்பதிவு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நான் காரக்கோணத்தைச் சேர்ந்தவள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அப்பக்கமும் நெய்யாற்றின்கரை இப்பக்கமுமாகப் பிரிந்தபோது, எங்கள் வீடுகளின் தமிழ் இப்பக்கத்தில் தங்கிவிட்டது. இங்கே வளைகுடா நாடுகளில் உறவினர் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. நள்ளிரவில் வாடகை வேன் வந்து நிற்பதும், அட்டைப்பெட்டிகளில் கயிறு கட்டிப் பெயர் எழுதுவதும், திருவனந்தபுரம் விமான நிலையம் வரை பாதி உறவினர் உடன் செல்வதும் என் குழந்தைப்பருவக் காட்சிகள். என் தாய்மாமா 'ஏர்பஸ்' என்ற சொல்லை ஒரு நிறுவனத்தின் பெயராக அறிந்தவரல்லர். அவருக்கு அது 'பெரிய விமானம்' எனப் பொருள்படும் பொதுப்பெயர். 'போயிங்' என்பது சிறியது. மொழியியல் படித்த பின்னரே இதன் காரணம் விளங்கிற்று. 1976 முதல் இந்தியன் ஏர்லைன்ஸில் ஏர்பஸ் என்றால் அகன்ற உடல் கொண்ட ஏ300. போயிங் என்றால் 737. சிறப்புப் பெயர் பொதுப்பெயராவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என் வகுப்புக் குறிப்புகளில் இல்லை. ஒரு நிறுவனம் எடுத்த கொள்முதல் முடிவு, இருபது ஆண்டுகளுக்குள் ஓர் எல்லைக் கிராமத்தின் சொற்பொருளை அமைத்திருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு விமானம் வந்த கதை அதனினும் பழையது. 1935 நவம்பர் 1 அன்று டாட்டா ஏர்லைன்ஸின் சிறுவிமானம் திருவிதாங்கூர் அரசின் 'அஞ்சல்' தபாலைச் சுமந்து இங்கிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. அக்காலத்தில் விமானத் தேர்வு என்பது பெரும்பாலும் பிரித்தானியப் பட்டியலுக்குள் நடந்த தேர்வு. பஸ் மாத், ஃபாக்ஸ் மாத் ஆகிய டி ஹாவிலண்ட் விமானங்களே டாட்டாவின் தொடக்கக் கருவிகள். போருக்குப் பின் டக்கோட்டாக்கள் மலிவாகக் கிடைத்தன, கிடைத்ததை வாங்கினார்கள். 1953-இல் விமானப் போக்குவரத்து அரசுடைமையாகி, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என இரு கழகங்கள் அமைந்தன. தேர்வு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் வந்தது ஜெட் யுகத்தில்தான்.

ஏர் இந்தியா 1960-இல் போயிங் 707-ஐப் பெற்றது. 1962-இல் ஜெட் விமானங்களை மட்டுமே இயக்கும் நிறுவனமாயிற்று. ஆனால் அந்த 707-இன் இறக்கையில் தொங்கியவை அமெரிக்க இயந்திரங்கள் அல்ல. ரோல்ஸ் ராய்ஸின் கான்வே இயந்திரங்கள். அமெரிக்க உடலும் பிரித்தானிய இயந்திரமும் கொண்ட இவ்வகையைப் பிரித்தானியாவின் பிஓஏசி போன்ற சில நிறுவனங்களே வாங்கின. விமானத்தைத் தேர்வதும் இயந்திரத்தைத் தேர்வதும் இரு வேறு தேர்வுகள் என்பதை இதிலிருந்தே குறித்துக்கொள்ளலாம். பின்னர் இதற்குத் திரும்புவேன்.

இனி இப்பதிவின் மையமான நிகழ்வுக்கு வருகிறேன்.

1980களின் தொடக்கத்தில் இந்தியன் ஏர்லைன்ஸின் நிலை இது: 1970களில் வாங்கத் தொடங்கிய போயிங் 737-200 விமானங்கள் முதுமையை நெருங்கின, பயணிகள் எண்ணிக்கை அவற்றின் 120-ஐச் சற்றுக் கடந்த இருக்கைகளுக்குள் அடங்கவில்லை, ஏ300 பெருநகரத் தடங்களுக்கு மட்டுமே பொருத்தமானது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விமானம் தேவைப்பட்டது. 1984-இல் முடிவு போயிங் 757-ஐ நோக்கிச் சென்றது. ஏறத்தாழ 200 பேர் அமரக்கூடிய அவ்விமானம் 1983 முதல் பயணிகள் சேவையில் இருந்தது. அதாவது, பார்த்து, தொட்டு, கணக்கிட்டு வாங்கத்தக்க பொருள்.

அடுத்த ஆண்டே முடிவு மாறியது. ஏர்பஸ் தன் ஏ320-ஐ முன்வைத்தது. 1986 மார்ச்சில் 19 விமானங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; மேலும் 12 விமானங்களை வாங்கும் உரிமையும் அதில் இருந்தது. கவனிக்க வேண்டிய செய்தி: ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் ஏ320 என்ற விமானம் வானில் இல்லை. அதன் முதற்பறப்பு 1987 பிப்ரவரி 22 அன்றுதான். இந்தியா தேர்ந்த வி2500 இயந்திரமோ, ஐந்து நாட்டு நிறுவனங்கள் 1983-இல் கூடி அமைத்த கூட்டமைப்பின் முதற்படைப்பு. அதுவும் அன்று எந்தப் பயணிகள் சேவையிலும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த விமானத்தைக் கைவிட்டு, வரைபடத்தில் இருந்த விமானத்தையும் சோதனைமேடையில் இருந்த இயந்திரத்தையும் ஒரு பொதுத்துறை நிறுவனம் வாங்கியது.

ஏன்?

எளிய விடை ஊழல். 1990 மார்ச்சில், ஆட்சி மாறிய பின், சிபிஐ இது குறித்து வழக்குப் பதிந்தது. அவ்வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை. எனவே வரலாற்று மாணவர் இங்கே ஐயத்தைப் பதிவு செய்யலாம், தீர்ப்பை எழுத இயலாது. அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அரசியலுக்கு வருமுன் இந்தியன் ஏர்லைன்ஸில் ஆவ்ரோ விமானத்தின் ஓட்டுநராக இருந்தவர். புதிய தொழில்நுட்பத்தின்மீது அவருக்கிருந்த ஈடுபாடு பலரும் அறிந்தது. அது முடிவைத் திருப்பியிருக்கலாம். அதுவும் ஊகமே.

ஊகங்களுக்கு அப்பால், கணக்கு ஒன்று உண்டு. 757 பெரிது. பயணிகள் நிறையாத தடத்தில் 200 இருக்கை விமானத்தை இயக்கினால் ஒவ்வொரு பறப்பும் இழப்பு. ஏ320-இல் இருக்கைகள் குறைவு, எரிபொருளும் குறைவு. 1973, 1979 ஆகிய எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின், ஒரு விமானத்தின் வாழ்நாள் செலவில் அதன் கொள்முதல் விலையைவிட எரிபொருளின் பங்கே பெரிது என்ற அறிவு எல்லா நிறுவனங்களிலும் வேரூன்றியிருந்தது. 757-இன் பிற்கால வரலாறும் இதையே காட்டுகிறது: 2004-இல் உற்பத்தி நின்றது, ஏறத்தாழ 1,050 விமானங்களோடு கதை முடிந்தது. ஏ320 குடும்பமோ பத்தாயிரத்தைக் கடந்து இன்றும் உற்பத்தியில் உள்ளது. பின்னோக்கிப் பார்த்தால் இந்தியா பந்தயத்தில் வென்ற குதிரையின்மீது பணம் கட்டியிருந்தது. ஆயினும் முடிவு சரியாக அமைந்தது என்பதனால் முடிவெடுத்த முறை சரியாகிவிடாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இத்துறை பற்றிய பெரும்பாலான எழுத்துகளின் பிழை என்பது என் கருத்து.

இப்போது தலைப்பில் உள்ள சக்கரங்கள். வழக்கமான ஏ320-இன் முதன்மைத் தரையிறங்கு கால் ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரங்களே உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தவற்றில் ஒவ்வொரு காலிலும் நான்கு. காரணம் இந்திய விமான நிலையங்களின் ஓடுதளங்கள். பல ஊர்களில் ஓடுதளத்தின் தாங்குதிறன் குறைவு. எடையைக் கூடுதல் சக்கரங்களில் பரப்பினால் தரை தாங்கும். கூடுதல் சக்கரம் கூடுதல் எடை. கூடுதல் எடை கூடுதல் எரிபொருள். அதை ஏற்றுக்கொண்டுதான் இந்த அமைப்பைக் கேட்டு வாங்கினார்கள். ஏ320 வரலாற்றில் இது இந்தியாவுக்கே உரிய விசித்திரம். விமானப் படங்களைத் திரட்டும் ஆர்வலர்கள் இன்றும் அந்த நான்கு சக்கரக் கால்களைத் தேடிச் சேர்க்கின்றனர்.

ஆவணங்களைவிட இச்சக்கரங்கள் எனக்கு அதிகம் சொல்கின்றன. எந்த ஊரில் எத்தகைய தரை இருக்கிறது என்று பார்த்துக் கணக்கிட்டு, உற்பத்தியாளரிடம் வாதாடி, வடிவமைப்பையே மாற்றச் செய்த பொறியாளர்கள் அந்நிறுவனத்தில் இருந்தனர் என்பதற்கு அவை சான்று. 'மேலிடம் சொன்னது, கீழிடம் வாங்கியது' என்ற ஒற்றைக் கதையில் இப்பொறியாளர்களுக்கு இடமில்லை. 'நல்ல விமானம் வென்றது' என்ற கதையிலும் இல்லை.

1989-இல் முதல் ஏ320-கள் வந்தன. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் தரையிறங்கும்போது அவற்றுள் ஒன்று ஓடுதளத்திற்கு முன்னரே நிலத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தனர். உடனே எஞ்சிய ஏ320-கள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டு, பல மாதங்கள் அங்கேயே நின்றன. ஓட்டுநர்கள் இறங்கும் வேகத்தையும் உயரத்தையும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்பதே விசாரணையின் சாரம்; இயந்திரங்கள் மெல்லோட்ட நிலையில் இருந்தன. ஆனால் அப்போதைய செய்தித்தாள்கள் எழுப்பிய கேள்வி வேறு: கணினி வழி இயங்கும் இவ்விமானம் இந்திய ஓட்டுநருக்கு உகந்ததா? இக்கேள்வி அநீதியானது என்றாலும் அதனுள் ஓர் உண்மை உண்டு. விமானத்தை வாங்குவது என்பது அதனோடு வரும் ஒரு சிந்தனைமுறையையும் வாங்குவது. அதற்கான பயிற்சிக் காலத்தை எந்த விலைப்பட்டியலும் முழுமையாகக் காட்டுவதில்லை.

இங்கே என் துறை சார்ந்த ஓர் ஒப்புமை. விமான ஓட்டுநருக்கு ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதிச் சான்று வேண்டும். ஏ319, ஏ320, ஏ321 மூன்றும் ஒரே சான்றுக்குள் அடங்கும். அவற்றை ஒரு மொழியின் வட்டார வழக்குகள் எனலாம். ஏ320 ஓட்டுநர் பெரிய ஏ330-க்கு மாறுவதற்கும் குறுகிய பயிற்சியே போதும்; காரக்கோணத்துக்காரர் நெய்யாற்றின்கரைச் சந்தையில் மலையாளத்துக்கு மாறுவதுபோல. ஏர்பஸ் தன் ஓட்டுநர் அறைகளைத் திட்டமிட்டே அவ்வாறு அமைத்தது. போயிங் 737-இலிருந்து ஏ320-க்கு மாறுவதோ வேறொரு மொழிக் குடும்பத்துக்குச் செல்வது: கைப்பிடித் தண்டு மாறுகிறது, பக்கவாட்டுக் கோல் வருகிறது, எச்சரிக்கைகளின் இலக்கணமே மாறுகிறது. எங்கள் வீடுகளில் இரு மொழி பேசச் செலவேதும் இல்லை. விமான நிறுவனத்தில் இரு மொழி பேசினால் இரு பயிற்சிக் கருவிகள், இரு உதிரிபாகக் கிடங்குகள், இரு வகை உரிமம் பெற்ற பொறியாளர்கள். ஆகவேதான் பழைய விமானத்தை மாற்றும் நிறுவனத்தின் முன் நிற்கும் முதற்கேள்வி 'எது சிறந்தது' என்பதன்று. 'நாம் ஏற்கெனவே எந்த மொழி பேசுகிறோம்' என்பதே.

இக்கேள்வி உற்பத்தியாளரையும் கட்டிப்போடும். 2011 ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் முதிய விமானங்களை மாற்ற 460 விமானங்களைக் கேட்டது. 260 ஏர்பஸுக்கு, 200 போயிங்குக்கு. அதுவரை முழுவதும் புதிய விமானம் ஒன்றை வடிவமைப்பது பற்றி எண்ணிக்கொண்டிருந்த போயிங், வாடிக்கையாளரை இழக்கும் அச்சத்தில், 1960களின் 737-க்கே புதிய இயந்திரம் பொருத்தும் முடிவுக்கு வந்தது. அதுவே 737 மேக்ஸ். புதிய வகைக்கு ஓட்டுநர் மீண்டும் பயிற்சிக் கருவியில் அமர வேண்டியிராது என்பதே அதன் விற்பனை வாக்குறுதி. அது தவறினால் ஒரு விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி என சவுத்வெஸ்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தமே இருந்தது. அவ்வாக்குறுதியைக் காக்க மறைத்துவைக்கப்பட்ட ஒரு மென்பொருளின் பெயர் 2018-இன் முதல் விபத்துக்குப் பின்னரே உலகுக்குத் தெரிந்தது; 2018, 2019 ஆகிய இரு விபத்துகளிலும் சேர்த்து 346 பேர் இறந்தனர். வாங்குபவரின் சிக்கனம் வடிவமைப்பாளரின் மேசை வரை செல்லும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

இந்தியாவுக்குத் திரும்புவோம். ஏ320-களுக்குப் பின் நேர்ந்தது தேர்வன்று, தேர்வின்மை. 1990களின் நடுப்பகுதி முதல் பத்தாண்டுகளுக்கு மேல் இந்தியன் ஏர்லைன்ஸ் புதிய விமானக் கொள்முதல் எதையும் முடிக்கவில்லை. முந்தைய ஒப்பந்தத்தின் வழக்கு நிழல் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. எந்தக் கோப்பில் கையெழுத்திட்டாலும் நாளை விசாரணை வரும் என்ற அச்சம் அரசு அலுவலகங்களை அறிந்த எவருக்கும் புதிதன்று. முதிய 737-200-கள் துணை நிறுவனமான அலையன்ஸ் ஏருக்குச் சென்றன. 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் அவற்றுள் ஒன்று குடியிருப்பின்மீது விழுந்து, தரையில் இருந்தவர்கள் உட்பட 60 பேர் இறந்தனர். விசாரணை ஓட்டுநர் பிழையையே சுட்டியது. விமானத்தின் முதுமையை அன்று. ஆயினும் நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் எழுந்த பேச்சு விமானத்தின் வயதைப் பற்றியதாகவே இருந்தது. 2002-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழு 43 ஏர்பஸ் விமானங்களை வாங்க ஒப்புதல் தந்தது. அரசின் ஒப்புதல் வர 2005 ஆயிற்று.

அதே ஆண்டுகளில் ஏர் இந்தியாவில் நேர்மாறான வேகம். 2004-இன் தொடக்கத்தில் 28 விமானங்களுக்கான முன்மொழிவு இருந்தது. சில மாதங்களில் அது திருத்தப்பட்டு 68 ஆயிற்று: 27 போயிங் 787, 23 போயிங் 777, குறைந்த கட்டணச் சேவைக்கு 18 போயிங் 737-800. 2005 டிசம்பர் இறுதியில் ஒப்பந்தம். இரு நிறுவனங்களும் சேர்ந்து 111 விமானங்கள். முழுப் பணமும் ஏறக்குறைய கடன். விமானங்கள் ஈட்டப்போகும் வருவாயிலிருந்து கடனை அடைப்பதாகத் திட்டம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011-இல் அளித்த அறிக்கை இதனைக் கடுமையாகக் கண்டித்தது. 2017-இல் சிபிஐ வழக்குப் பதிந்தது.

அவ்வறிக்கையை மொழியியல் மாணவியாக வாசித்தபோது என் கண்ணில் பட்டது வினைச்சொற்கள். 'எண்ணிக்கை உயர்த்தப்பட்டது', 'கருத்து தெரிவிக்கப்பட்டது', 'முடிவு மேற்கொள்ளப்பட்டது'. மேற்கோள் காட்டப்படும் அரசுக் குறிப்புகளில் எழுவாய் இல்லை. செயப்பாட்டு வினை தமிழுக்கு இயல்பானதன்று என நம் இலக்கண ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நிர்வாகத் தமிழிலும் நிர்வாக ஆங்கிலத்திலும் அது செழித்து வளர்வதன் காரணம் இலக்கணத்தில் இல்லை. 28 என்பது 68 ஆனது. ஆக்கியவர் யார் என்ற வினாவுக்கு வாக்கியம் விடை தருவதில்லை.

இங்கும் தனித்தனியே பார்த்தால் விமானங்கள் மோசமானவை அல்ல. 777-300இஆர் உலகின் நெடுந்தொலைவுத் தடங்களில் மிகச் சிறப்பாக ஓடிய விமானம். ஆனால் எட்டு 777-200எல்ஆர்களில் ஐந்தை 2013-14-இல் எதிஹாத் நிறுவனத்துக்கு விற்க நேர்ந்தது. இடைநில்லாமல் அமெரிக்கா வரை பறக்கும் திறனுக்குச் சுமக்கும் எரிபொருளே பாதிச் சுமை. 2008-இல் வரவேண்டிய 787 உற்பத்தித் தாமதத்தால் 2012 செப்டம்பரில் வந்தது. 2013 ஜனவரியில் மின்கலக் கோளாறால் உலகெங்கும் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே 2007-இல் இரு நிறுவனங்களும் இணைக்கப்பட்டன. ஒரு வீட்டில் போயிங் மொழி, மறு வீட்டில் ஏர்பஸ் மொழி. இணைப்பு நடக்கப்போவது தெரிந்திருந்தும் தேர்வுகள் தனித்தனியே நடந்திருந்தன. 1985-இல் முறை பிழைத்து விமானம் பொருந்தியது என்றால், 2005-இல் விமானம் பொருந்தி எண்ணிக்கை பிழைத்தது.

எனினும் அந்தப் 18 விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதற்பறப்பைத் தொடங்கியது 2005 ஏப்ரல் 29 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு. நான்கு மணி நேரத் தொலைவு, 180-ஐ ஒட்டிய இருக்கைகள், உணவும் பெட்டியும் சிக்கனம். வளைகுடாவின் கட்டடத் தொழிலாளரையும் மருத்துவமனைச் செவிலியரையும் சுமப்பதற்கு 737-800 அளவாகப் பொருந்தியது. எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த தலைமுறையில் எத்தனையோ பேர் முதலில் ஏறிய விமானம் அதுவே. தணிக்கை அறிக்கையின் 111 என்ற எண்ணுக்குள் இதுவும் அடக்கம். மொத்தத்தைப் பழிப்பவர் இப்பகுதியைத் தனியே பிரித்துப் பார்ப்பதில்லை.

ஊழல் என்ற விடையை நான் தள்ளிவிடுவதாக எண்ண வேண்டாம். அருகிலேயே இலங்கை இருக்கிறது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2013-இல் ஆறு ஏ330-களையும் நான்கு ஏ350-களையும் கேட்டது. 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றத்தில் ஏர்பஸ் ஒப்புக்கொண்ட குற்றங்களுள் அதுவும் ஒன்று: அந்நிறுவன உயர் அலுவலர் ஒருவரின் மனைவிக்குத் தொடர்புடைய நிறுவனத்தின் வழியே 20 லட்சம் டாலர் சென்றிருந்தது. ஏ350-கள் ஸ்ரீலங்கனின் சேவைக்கு வரவேயில்லை, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அங்கே ஆவணம் பேசுகிறது. எனவே நாமும் பேசலாம். இந்தியாவின் 1986 குறித்து அத்தகைய ஆவணம் நம் கையில் இல்லை. மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டுக்கொள்கிறேன்.

தனியார் நிறுவனங்கள் இதிலிருந்து விடுபட்டவையா? இண்டிகோ 2005-இல், ஒரு விமானம்கூடப் பறக்குமுன், 100 ஏ320-களைக் கேட்டது. ஒரே மொழி, மொத்தக் கொள்முதல், அதனால் பெருந்தள்ளுபடி. வந்த விமானத்தைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டும் உத்தி. 2023 ஜூனில் ஒரே ஒப்பந்தத்தில் 500. ஆயினும் இயந்திரம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஏ320 நியோவுக்குத் தேர்ந்த பிராட் அண்ட் விட்னி இயந்திரங்கள் தொடர்ந்து கோளாறு தர, 2019-இல் இண்டிகோ போட்டி நிறுவனமான சிஎஃப்எம்முக்கு மாறியது. அதே பிராட் இயந்திரங்களையே நம்பியிருந்த கோ ஃபர்ஸ்ட், 2023 மே மாதம் அவற்றைக் காரணம் காட்டித் திவால் மனுச் செய்தது. ஒரே விமானம், இரு இயந்திரங்கள், இரு விதிகள். 1960-இன் கான்வேயை இதனால்தான் முன்னர் குறிப்பிட்டேன்.

இறுதியாக, மாணவர்களின் விவாதத்தைத் தொடங்கிவைத்த 470. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்துக்குத் திரும்பிற்று. 2023 பிப்ரவரி 14 அன்று அறிவிப்பு: ஏர்பஸ் 250, போயிங் 220. முதிய விமானங்களை மாற்றும் நிறுவனம் ஒன்று, பொதுமையின் சிக்கனத்தை நன்கறிந்தும், ஏன் இருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது? முதற்காரணம் காலம். புதிய விமானத்துக்கான உற்பத்தி வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டுகிடக்கிறது. எவரிடம் முன்னதாக இடம் கிடைக்கிறதோ அவரிடம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. சீன நிறுவனங்களுக்காகக் கட்டப்பட்டு, அங்கே செல்லாமல் தேங்கியிருந்த 737 மேக்ஸ் விமானங்களே 2023 இறுதியில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு முதலில் வந்தவற்றுள் பல. இரண்டாவது, பேரம்: இருவரையும் எதிரெதிரே வைத்தால்தான் விலை இறங்கும். பட்டியல் விலைப்படி ஏறத்தாழ 7,000 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்பது எந்தப் பெரிய ஒப்பந்தத்திலும் வெளிவராத செய்தி. மூன்றாவது, அரசுகள். தனியார் நிறுவனத்தின் கொள்முதலை இந்தியப் பிரதமரும் பிரெஞ்சு அதிபரும் காணொளியில் கூடி வாழ்த்தினர். அமெரிக்க அதிபர் தம் நாட்டின் 44 மாநிலங்களில் பத்து லட்சம் வேலைகள் என்றார். ஏ350-க்கு ரோல்ஸ் ராய்ஸ் இயந்திரம் என்பதால் பிரித்தானியப் பிரதமரும் மகிழ்ந்தார். உரிமையாளர் மாறியதால் அரசியல் வெளியேறிவிடும் என எதிர்பார்த்தவர்களுக்கு அன்றைய செய்திப் பக்கங்களைப் பரிந்துரைக்கிறேன்.

பிரிவினையின் விளைவு எங்கள் பக்கத்திலேயே காணக் கிடைக்கிறது. திருவனந்தபுரம் சாக்கையில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737-களைப் பராமரிக்கவென்றே கட்டிய இரட்டைக் கொட்டகைகள் 2011-இல் திறக்கப்பட்டன. 2024 அக்டோபர் 1 அன்று, முன்னர் ஏர்ஏஷியா இந்தியா எனப்பட்ட நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் இணைந்தது. அது முழுவதும் ஏ320-களை இயக்கிய நிறுவனம். 737-க்கு உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஏ320-இன் பதிவேட்டில் கையெழுத்திட இயலாது. தனிப் பயிற்சியும் தனித் தகுதிச் சான்றும் வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன். இனி வளைகுடாவுக்குப் போகும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் ஏர்பஸ் வரக்கூடும் என்றதும், "அப்படியானால் பெரிய விமானம் விடுகிறார்களா?" என்று கேட்டார்.